அறுபது கேள்வி மேடம்

அந்த மேடத்துக்கு எதையும் சொன்ன உடனே நம்பத் தெரியாது. டீ நல்லா இருக்கு என்று சொன்னால்கூட, "எதை நெனச்சுச் சொல்லுதிய?" என்று கேட்பார். எங்கள் தீவு டவுனில், ஷாதிபூரில், ஒரு டீக்கடைக்காரர் பொறுக்க முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அம்மா தாயே, பிடிக்கலைன்னா கிளாஸை வெச்சிட்டுப் போ. போலீஸ்காரன் மாதிரி விசாரிக்காதே." மேடம் சிரிக்கவில்லை. "பிடிச்சிருக்கு அண்ணாச்சி. டீயாலயா, வெளிய மழை பெய்யுததாலயான்னுதான் யோசிக்கேன்" என்றார்.

பிள்ளைகளா, உங்கம்மா "அந்தப் பொம்பளை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாளே, அது இவரைத்தான். பேரை நான் எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. படகு கம்பெனியில் எல்லோரும் அவரை அறுபது கேள்வி மேடம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

உங்கம்மா அந்தக் கம்பெனியின் டிக்கெட் கவுன்டரில் இருந்தது பெரியவளுக்கு ஞாபகம் இருக்கும். தம்பி அப்போது கைக்குழந்தை. தீவுகளுக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிப்போகும் தனியார் கம்பெனி அது. தமிழ், ஹிந்தி, பெங்காலி, தெலுங்கு என்று நாலு பாஷையில் உங்கம்மா சீட்டு கொடுப்பாள். கடல் மோசமாகிப் படகு ரத்தானால் ஜனங்கள் கண்ணாடியைத் தட்டிக் கத்துவார்கள். அவள் எழுந்து நின்று நாலு பாஷையிலும் சமாதானம் சொல்லி உட்கார வைப்பாள். நானே வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு வருஷம் மெயின்லேண்டில் இருந்து புது மேனேஜர் வந்தார். கூடவே ஒரு ஃபாரம் வந்தது. அதில் அறுபது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை நம்பர். வாக்கியம் நம்மைப் போலவே இல்லை என்றால் ஒன்றைச் சுழிக்க வேண்டும். அப்படியே நம்மைப் போல என்றால் ஐந்து. கடைசியில் கூட்டினால் ஆளுடைய குணம் தெரிந்துவிடுமாம். பயணிகள் முன்னால் நிற்கிற வேலைக்கு இனி அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஆள் என்றார்கள். காண்ட்ராக்ட் புதுப்பிக்கிறவர்களுக்கும் அதே ஃபாரம். உங்கம்மாவுக்கு அந்த வருஷம்தான் காண்ட்ராக்ட் முடிந்தது.

ஃபாரம் எங்கேயோ யாருக்கோ செய்தது. இந்தத் தீவில் இருக்கிற ஆணையும் பெண்ணையும், இளசையும் கிழடையும் அது ஒரே மாதிரி அளக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குத்தான் மேடத்தை வைத்தார்கள். அவர் சரி என்று எழுதினால் ஃபாரம் அமலுக்கு வரும். சரியில்லை என்று எழுதினால் வராது. உங்கம்மாவின் வேலை அவர் எழுதப்போகிற அந்த ஒரு ரிப்போர்ட்டில் இருந்தது.

நான் அப்போது ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவதுதான், ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும், நாலு வீட்டில் புகுந்து பேசவும் வரும். அதனால் மேடம் என்னை வண்டிக்கும் எழுத்து வேலைக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார். முதல் நாளே சொல்லிவிட்டேன், "மேடம், என் வீட்டுக்காரி அந்தக் கவுன்டர்லதான் இருக்கா. பின்னாடி தெரிஞ்சு தப்பா நினைக்கக் கூடாது."

அவர் ஃபாரக் கட்டை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப நல்லதாப் போச்சு அண்ணே. உங்களவிட ஒழுங்கா இதச் செய்ய வேற ஆளு கெடைக்காது" என்றார்.

அவர் பேச்சு தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பேச்சு. அப்பா காலத்தில் வலையோடு இங்கே வந்த கிறிஸ்தவக் குடும்பம், வேதக்காரர் என்பார்கள். அண்ணன் ஷாதிபூரில் மீன் வியாபாரம். இவர் மட்டும் மெயின்லேண்டில் போய் மனசைப் பற்றிய படிப்புப் படித்துவிட்டு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர். கடல்காரர் மகள் என்றுதான் பேர், ஃபெரியில் ஏறினால் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பார்க்காத மாதிரி நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவருடைய அண்ணி ஒரு காரணம் சொல்லுவார். "மாப்பிள பாக்க வந்தாரு. இவள புடிச்சிருக்குன்னாரு. இவ உடனே, எதை நெனச்சுச் சொல்லுதியன்னு கேட்டா. அந்தப் பையன் முழிச்ச முழி இருக்கே! அடுத்த கப்பல்ல போனவன்தான்." வீடே சிரிக்கும். மேடம் தட்டில் இருக்கும் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "பதில் சொல்லியிருந்தா கட்டியிருப்பேன்" என்பார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி அவர் எல்லோரையும் கேட்கிற அந்த ஒரே கேள்வியால் நான் கண்டதைச் சொல்கிறேன். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு வீடு. ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா. "கூட்டமான விருந்துகளில் நான் உற்சாகமாக இருப்பேன்" என்பது ஒரு வாக்கியம். அந்த அம்மா யோசிக்கவே இல்லை, ஒன்றைச் சுழித்துவிட்டார். அந்த ஃபாரத்தின் கணக்குப்படி அவர் ஜனங்களோடு ஒட்டாதவர், தனிமை விரும்பி. ஆனால் நாங்கள் போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் தெரு முழுக்க உள்ள கதையைச் சொல்லி, எங்களுக்கு அவல் கிளறிக் கொடுத்து, என் கையைப் பார்த்து ரேகைகூடச் சொல்லிவிட்டவர்.

மேடம் கேட்டார், "எதை நெனச்சும்மா ஒண்ணு போட்டிய?"

"விருந்துன்னா எனக்கு என்னம்மா? அடுப்படிதான். எண்பது பேருக்கு வடிச்சுக் கொட்டி, எல்லாரும் போனப்புறம் ஆறிப்போனதைத் தின்னுட்டுப் படுக்கணும். அதுல என்ன உற்சாகம்?"

அதே கேள்விக்கு அவருடைய வீட்டுக்காரர் ஐந்து போட்டிருந்தார். அவருக்கு விருந்து என்றால் இலை முன்னால் உட்காருவது.

மேடம் பென்சிலால் அந்த வாக்கியத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏறாமல் ரோட்டிலேயே நின்று சொன்னார். "அண்ணே, ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் ஒரே குணம்னு வைங்க. ரெண்டு பேரும் ஒரே நம்பர் போடணும். இங்க ஒருத்தர் ஒண்ணு, ஒருத்தர் அஞ்சு. அப்ப கோளாறு ஆளுகிட்ட இல்ல, கேள்வியில இருக்கு. இதக் கண்டுபிடிக்கத்தான் நாம அலையுதோம்."

எனக்குப் புரிந்தது என்றுதான் தலையை ஆட்டினேன். சரியாகப் புரியவில்லை. பாதிதான் புரிந்தது என்பது பின்னால்தான் எனக்கே தெரிந்தது.

வயசு விஷயமும் அப்படித்தான். "நண்பர்களோடு இருப்பது எனக்குப் பிடிக்கும்" என்ற வாக்கியத்துக்கு ஒரு பெரியவர் ஒன்று போட்டார். பழைய மர ஆலையில் வேலை பார்த்தவர். எதை நினைத்து என்று கேட்டபோது, "செத்துப் போனவங்களோட எப்படிம்மா இருக்கிறது?" என்றார். அடுத்த வாக்கியம், "திடீரென்று பயணம் புறப்படுவது எனக்குப் பிடிக்கும்." அதற்கும் ஒன்று. "ஆஸ்பத்திரியில மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்ணாத்தான் எங்க வயசுல திடீர்னு கிளம்புவோம். அதுல என்ன பிடிக்கிறது?" கூட இருந்த பேரன் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு யாராவது இருந்தால் ரெண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருப்பார்கள். மேடம் பென்சிலைப் பிடித்தபடி அவர் துடைத்து முடிக்கும் வரை காத்திருந்து, மூன்றாவது வாக்கியத்தைப் படித்தார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று உங்கம்மாவிடம்கூட வந்து சொன்னேன். இப்போது நினைத்தால், அந்தப் பெரியவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

டவுனில் எடுத்தது போதாது, வெளியே உள்ள வீடுகளிலும் வேண்டும், முக்கியமாக நாற்பது தாண்டிய பெண்கள் வேண்டும் என்றார். பாராடாங் தீவுக்குப் போவது என்று முடிவானது. விடிவதற்கு முன் கிளம்பி, கேட்டில் வரிசை நின்று, போலீஸ் காவலில் வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயோடு காட்டு ரோட்டைத் தாண்டி, பிறகு ஃபெரி. திரும்பக் கடைசி கான்வாயை விட்டால் அன்றைக்கு வீடு கிடையாது.

முதல் நாள் மேடமும் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார், மனைவி உள்ளே கதவோரம் நிற்பார். மேடம் நேராகச் சொல்லுவார், "அண்ணே, உங்க ஃபாரம் முடிஞ்சது. இனி நீங்க வெளிய போங்க. அக்காகிட்ட நான் தனியாக் கேக்கணும்." அந்தக் குரலுக்கு எந்த ஆம்பளையும் எழுந்துதான் போவான். அன்றைக்கு ரெண்டு வீடுதான் முடிந்தது. ஒவ்வொரு பெண்ணும் அவ்வளவு பேசினார்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். மேனேஜர் வேறு ரிப்போர்ட் எங்கே என்று தினமும் போன். "அண்ணே, நீங்களே போய்ட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு, அவுங்க வீட்டுக்காரர வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க" என்று கட்டுக் கட்டாக ஃபாரத்தைக் கொடுத்தார்.

நான் போனேன். முதல் வீட்டில் வீட்டுக்காரரின் ஃபாரத்தை முடித்துவிட்டு, "கொஞ்சம் வெளிய இருக்கீங்களா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரே பாய், என் வீட்டை விட்டு நான் எங்க போறது? நீ யாரு, என் பொண்டாட்டிகிட்டத் தனியா உட்கார்ந்து கோபம் வருமா, அழுகை வருமான்னு கேக்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. என் வீட்டில் ஒருத்தன் வந்து அப்படிக் கேட்டால் நானும் விடமாட்டேன். உள்ளே இருந்து அந்த அம்மாவே, "அவர் சொல்லட்டும், எனக்கு அடுப்புல வேலை கிடக்கு" என்றார்.

"லிக்கோ பாய், எழுது. அவளப் பத்தி அவளவிட எனக்குத் தெரியும்" என்று அவர் சொல்லச் சொல்ல நான் சுழித்தேன். விருந்தில் உற்சாகமா? "ஆமா, கல்யாண வீடுன்னா மொத ஆளாக் கிளம்புவா. அஞ்சு." திடீர்ப் பயணமா? "நான் கிளம்புன்னா கிளம்பிடுவா. அஞ்சு." கோபத்தை வெளியே காட்டுவாளா? "அவளுக்கா? கோபமே வராது. ஒண்ணு போடு." அப்போது அடுப்படியில் ஒரு பாத்திரம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. விழுந்ததா, வைத்ததா தெரியாது. அந்தச் சத்தத்தை எழுத ஃபாரத்தில் இடம் இல்லை.

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் நான் வெளியே போங்கள் என்று கேட்கவே இல்லை. நாலு நாள் போனேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து வீடு. எல்லாப் பெண்களின் ஃபாரமும் நிறைந்துவிட்டது.

வரும் வழியில் ஃபெரியில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். டவுனில் பெண்கள் ஒன்றும் ரெண்டுமாகப் போட்ட இடத்தில் எல்லாம் இங்கே நாலும் ஐந்தும். எனக்குச் சந்தோஷம். பொம்பளைகளுக்கு நல்ல நம்பர் வந்திருக்கிறது, ஆம்பளைக்குச் சமமாக வந்திருக்கிறது, உங்கம்மாவுக்கு இது நல்லதுதான் என்று நினைத்தேன். பரீட்சையில் அதிக மார்க் எடுத்தால் பாஸ் என்று படித்தவன் நான். நம்பர் வித்தியாசமாக வந்தால்தான் கேள்வி கோளாறு என்று நிரூபணம் ஆகும், அப்போதுதான் பெண்கள் தப்புவார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மேடம் ரோட்டில் நிறுத்திச் சொன்னபோது தலையை ஆட்டினேனே, அந்தப் பாதிப் புரிதல் இதுதான்.

மேடம் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றினார். ரெண்டு நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, டவுன் ஃபாரத்தத் தனியாப் பாத்தா ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் தெரியுது. பாராடாங்கச் சேத்தா காணாமப் போயிருது. நீங்க அவுங்ககிட்ட நேர்லதான கேட்டியள்?"

"ஆமா மேடம்."

"வீட்டுக்காரங்க வெளிய போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க மேடம்."

பொய் சொல்கிறோம் என்று தெரியும். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று திட்டுவாரே என்று கூச்சம். அதைவிட, உண்மையைச் சொன்னால் அந்த நல்ல நம்பர் எல்லாம் போய்விடுமே என்று பயம். ஊரில் ஒருவர் சொல்லையும் விசாரிக்காமல் விடாத அந்த மேடம், என்னிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

"டவுன்ல எடுத்தது கொஞ்சம்தான் அண்ணே. அத மட்டும் வச்சு எழுதினா எனக்கு வேணுங்கதை எழுதின மாதிரி ஆயிரும். என் மனசுக்குத் தோணுதுன்னு எழுத முடியாது. கையில இருக்கத எழுதணும்." அப்படிச் சொல்லிவிட்டு, இந்த ஃபாரம் ஆண் பெண் எல்லோரையும் ஒரே மாதிரி அளக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது நான் எதிரில்தான் நின்றேன்.

ஒரு மாதத்தில் ஃபாரம் அமலுக்கு வந்தது. வெளியில் இருந்தும் ஆள் எடுத்தார்கள். உங்கம்மா, "நீங்களும் எழுதுங்க, ஆட்டோவுல எத்தனை நாள் அடிபடுவீங்க" என்றாள். ஒரே நாளில், ஒரே ஹாலில், ரெண்டு பெஞ்சு தள்ளி ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். விருந்து வாக்கியம் வந்தது. நான் ஐந்து போட்டேன். அது பொய் இல்லை. அவள் ஒன்று போட்டாள். அதுவும் பொய் இல்லை.

எனக்குப் படகுத் துறையில், அதாவது ஜெட்டியில், ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. உங்கம்மாவுக்கும், அவளோடு கவுன்டரில் இருந்த நாற்பது தாண்டிய நாலு பெண்களுக்கும் காண்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. பயணிகளோடு பழகும் சுபாவம் போதவில்லையாம். நாலு பாஷையில் ஜனங்களைச் சமாதானம் செய்தவளுக்கு! அவர்கள் கேட்கப் போனபோது மேனேஜர் மேடத்தின் ரிப்போர்ட்டைத்தான் எடுத்துக் காட்டினார். "எங்க மேல தப்பு சொல்லாதீங்க. உங்க ஊர்ப் பொண்ணு, உங்கள மாதிரிப் பெண்கள்கிட்டயே கேட்டுச் சரிபார்த்தது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஷாதிபூருக்குப் போனார்கள். மேடம் சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். முந்தானையைத் தலையில் இருந்து எடுக்கக்கூட விடவில்லை.

"படிச்சவதானே நீ?" என்றாள் உங்கம்மா. "நீயும் பொம்பளைதானே? ஆம்பளைங்களுக்கும் நமக்கும் ஒண்ணுன்னு எப்படி எழுத மனசு வந்துச்சு?"

தெரு கூடிவிட்டது. அண்ணி குறுக்கே வந்து, "ஏய், வீட்டு வாசல்ல வந்து சத்தம் போடாதிய" என்றார். மேடம் அண்ணியை விலக்கிவிட்டு உங்கம்மாவிடம் கேட்டார், "அக்கா, விருந்துன்னு ஒண்ணு வந்துச்சே, அதுக்கு எத்தனை போட்டிய?"

"ஒண்ணு."

"எதை நெனச்சு?"

"ஆங்? அண்டா கழுவுறதை நினைச்சு. போதுமா? இன்னும் என்ன கேக்கணும், கேளு."

கூட வந்த தெலுங்குக்கார அம்மா ஹிந்தியில், "பாகல் ஹை, பைத்தியம், இவகிட்டப் போய் நியாயம் கேக்குறோம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மேடத்துக்கு அது எதுவும் காதில் விழவில்லை. "டவுன்ல எல்லாரும் இதத்தான சொன்னாங்க. அப்ப பாராடாங்ல மட்டும் ஏன்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். நான் ரோட்டோரம் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். உட்காராமலே சொன்னேன். "மேடம், பாராடாங்கில நான் யாரையும் வெளிய அனுப்பல. வீட்டுக்காரங்க சொன்னாங்க, நான் எழுதினேன்."

அவர் திட்டவில்லை. நான் கொண்டுவந்த ஃபாரக் கட்டை எடுத்துவந்து மேஜையில் பிரித்தார். ஒவ்வொரு ஃபாரமாக எடுத்து, "இது?" என்றார்.

"வீட்டுக்காரர்."

"இது?"

"வீட்டுக்காரர்."

கொஞ்ச நேரத்தில் நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நிறுத்தவில்லை, கடைசி வரைக்கும் கேட்டார். ஒரே ஒரு ஃபாரத்துக்கு மட்டும், "இது அந்த அம்மாவே சொன்னது. வீட்டுக்காரர் இல்ல, தவறிட்டார்" என்றேன். அதைத் தனியாக எடுத்து மேஜையின் மறு ஓரத்தில் வைத்தார். இந்தப் பக்கம் அவ்வளவு பெரிய கட்டு. அந்தப் பக்கம் ஒற்றைத் தாள்.

"நான் வாயால சொன்னா மேனேஜர் நம்ப மாட்டாரு. பேரு கெட்டுப்போச்சுன்னு மாத்திச் சொல்லுதான்னுவாரு" என்றார். "நீங்க நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க அண்ணே. வெள்ளிக்கிழமை கப்பல்ல போறேன். மெயின்லேண்ட் ஹெட் ஆபீஸ்ல நானே கொண்டு குடுக்கேன். என் ரிப்போர்ட்டும் தப்புன்னு நானே சேத்து எழுதுதேன்."

"சரி மேடம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். ஐயா என்று எழுதினேன். எதிரே கொடியில் கம்பெனி கொடுத்த நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் போட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் எழுதிக் கொடுத்தால் உங்கம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. என் வேலை போகும் என்பது மட்டும் தெரியும். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கம்பெனி ஜெட்டியில் நின்று டூரிஸ்ட்டுகளின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கப்பலின் சங்கு கேட்டது. பிறகு மார்க்கெட்டில் மேடத்தின் அண்ணனைப் பார்த்தபோது சொன்னார். "உள்ள போன்னு எவ்வளவோ சொன்னேன். காகிதம் கொண்டுவாறதா ஒரு அண்ணன் சொல்லியிருக்காருன்னுட்டு, துறைமுகக் கேட்டை மூடுத வரைக்கும் பெட்டியோட வெளியவே நின்னுச்சு." அந்த அண்ணன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு மீனை நறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மேடம் இந்தப் பக்கம் வரவில்லை. ஹெட் ஆபீஸில் என்ன சொன்னாரோ தெரியாது, ஃபாரம் அப்படியேதான் இருந்தது. நான் இப்போது அதே ஜெட்டியில் சூப்பர்வைசர். உங்கம்மா வீட்டிலேயே துணி தைக்கிறாள். அந்த ஐந்து பெண்களில் யார் எங்கே எதிரே பார்த்தாலும் முதலில் மேடத்தைத்தான் சபிப்பார்கள், பிறகுதான் நலம் விசாரிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு வருஷம் எழுதாததை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், பெரியவளே, உன்னால்தான். போன வாரம் நீ அந்தக் கம்பெனிக்கு மனு போட்டுவிட்டுப் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாய். "அப்பா, என்னமோ விருந்துன்னு கேக்குறாங்க. என்ன போடணும்?" அதே அறுபது வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. நான் யோசிக்காமல் "அஞ்சு போடும்மா" என்றேன். நீ போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாய். தையல் மெஷினில் இருந்த உங்கம்மா காலை நிறுத்தாமலே சொன்னாள், "எனக்கு அன்னைக்கு இப்படிச் சொல்லித்தர ஒரு ஆள் இல்லாமப் போச்சு."

நீங்கள் ரெண்டு பேரும் முதலில் இதைப் படித்து, உங்கம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது அது சரியில்லை என்று படுகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியும். முதலில் அவள் கையில் கொடுக்கிறேன். அவள் கிழித்துப் போடாமல் விட்டால் உங்கள் கைக்கு வரும்.